பந்தயக் குதிரைகளின் தகப்பன்மார்: நார்தர்ன் டான்சரும் அதன் வழித்தோன்றல்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரைப் பந்தயம் பார்க்க ஆரம்பித்த நண்பர்கள் முதலில் ஜாக்கியைப் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் டிரெய்னரைப் பற்றி. கொஞ்ச நாள் போனதும் ரேஸ் புக்கில் ஒவ்வொரு குதிரையின் பெயரோடும் அச்சாகியிருக்கும் இரண்டு பெயர்கள் அவர்கள் கண்ணில் படும். ஒன்று தகப்பன் பெயர், இன்னொன்று தாயின் பெயர். எனக்கும் கிண்டியில் ஒரு பழைய ரேஸ் புக்கைப் புரட்டியபோதுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. இத்தனை வருஷத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பொலிகுதிரை என்றால் என்ன?

மாட்டில் பொலிகாளை என்கிறோமே, அதே பொருள்தான். இனப்பெருக்கத்துக்காக வைத்திருக்கும் ஆண் குதிரை. ரேஸ்காரர்கள் ‘ஸ்டாலியன்’ என்பார்கள். அதை வைத்துப் பராமரிக்கும் பண்ணை ‘ஸ்டட் ஃபார்ம்’. பெரும்பாலும் பந்தயத்தில் பெயர் வாங்கிய குதிரைதான், நான்கு அல்லது ஐந்து வயதில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு இந்த வேலைக்கு வரும்.

எல்லாத் தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரைகளும் மூன்று குதிரைகளின் வாரிசுகள்தான் என்கிறார்களே, உண்மையா?

தகப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், ஆமாம். பயர்லி டர்க், டார்லி அரேபியன், கடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று கீழை நாட்டுக் குதிரைகள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தன. பயர்லி டர்க், கேப்டன் பயர்லியின் போர்க்குதிரை. டார்லி அரேபியனை 1704-ல் சிரியாவின் அலெப்போவிலிருந்து தாமஸ் டார்லி என்ற வணிகர் யார்க்‌ஷயரில் இருந்த தன் குடும்பத்துக்கு அனுப்பிவைத்தார்.

மூவரும் சம பங்குக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய ஆண் தரோபிரெட்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் டார்லி அரேபியனின் ஆண்வழியில் வந்தவை. அதற்குக் காரணம் அதன் கொள்ளுப்பேரனின் மகனான எக்லிப்ஸ். 1764 ஏப்ரல் 1 அன்று சூரிய கிரகணத்தின்போது பிறந்ததால் அந்தப் பெயர். ஐந்து வயதில்தான் ஓட ஆரம்பித்தது, 18 பந்தயங்கள் ஓடியது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எதிர்த்து ஓட ஆள் கிடைக்காமல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். அதன் எலும்புக்கூடு இன்றும் இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது.

ஒரே குதிரைக்கு எப்படி இவ்வளவு செல்வாக்கு வருகிறது?

எளிய கணக்கு. பெண் குதிரையின் சினைக்காலம் பதினோரு மாதம், ஆகவே வருஷத்துக்கு ஒரு குட்டிதான். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் பத்துப் பதினைந்தைத் தாண்டுவது அபூர்வம். ஆணுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பேர்பெற்ற பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூற்றைம்பது பெண் குதிரைகளோடு சேர்வது இப்போது சாதாரணம்.

மாடுகளில் செய்வதுபோல ஊசி போட்டுச் சினைப்படுத்துவது இங்கே நடக்காது. தரோபிரெட் என்று பதிவேட்டில் ஏற வேண்டுமானால் இயற்கையாக இணைசேர்ந்து பிறந்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அந்த வேலை நடக்கும் கொட்டகையில் பார்த்தால் எல்லாம் மிகக் கவனமாக நடக்கும். பெண் குதிரை பருவத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, முதலில் ‘டீசர்’ எனப்படும் விலை குறைந்த ஆண் குதிரை ஒன்றை அதன் பக்கத்தில் கொண்டுவருவார்கள். பெண் குதிரை காதை மடக்கி உதைக்க வந்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று பொருள். பருவம் வந்திருந்தால் வாலைச் சுற்றித் துணி கட்டி, பின்னங்கால்களுக்கு மெத்தென்ற காலுறை மாட்டிய பிறகுதான் கோடிகள் பெறும் பொலிகுதிரையை உள்ளே கூட்டிவருவார்கள். ஒரு உதை தப்பாக விழுந்தால் போதும், எல்லாம் போச்சு.

நார்தர்ன் டான்சர் யார்? ஏன் எல்லாரும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்?

1961 மே 27 அன்று கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் ஒஷாவா ஊரிலுள்ள விண்ட்ஃபீல்ட்ஸ் பண்ணையில் பிறந்தது. உரிமையாளர் இ.பி. டெய்லர் என்ற தொழிலதிபர். தகப்பன் நியார்டிக், தாய் நட்டால்மா.

பிறந்த தேதியைக் கவனியுங்கள். வடக்கு நாடுகளில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1-தான் அதிகாரப்பூர்வ பிறந்த நாள். ஜனவரியில் பிறந்த குட்டியோடு ஒப்பிட்டால் இது நான்கைந்து மாதம் இளையது. பார்க்கவும் குட்டையாக, கட்டையாக இருந்தது. வளர்ந்த பிறகும் தோள் உயரம் ஐந்தடிக்குச் சற்று மேல்தான். டெய்லர் தன் பண்ணைக் குட்டிகளை வருஷாவருஷம் விற்பனைக்கு வைப்பார். நார்தர்ன் டான்சருக்கு 25,000 டாலர் விலை வைத்தார். வந்தவர்கள் பார்த்தார்கள், போய்விட்டார்கள். யாரும் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் தானே வைத்துக்கொண்டார்.

குணமும் முரட்டுக் குணம். காயடித்துவிட்டால் அடங்கும் என்று டிரெய்னர் ஹொராசியோ லூரோ யோசனை சொல்ல, டெய்லர் மறுத்துவிட்டார். அன்றைக்கு அவர் சரி என்று தலையாட்டியிருந்தால் இந்தப் பக்கத்தில் நான் எழுதப்போகும் பெயர்களில் பாதிக்கு மேல் பிறந்தே இருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நடுக்கம் வரும்.

1964-ல் கென்டக்கி டெர்பி, அமெரிக்காவின் பேர்பெற்ற பந்தயம். நார்தர்ன் டான்சரை முன்பு ஓட்டிய பேர்பெற்ற ஜாக்கி பில் ஷூமேக்கர், இந்த முறை ஹில் ரைஸ் என்ற நெடிய குதிரைதான் ஜெயிக்கும் என்று அதற்கு மாறிப்போனார். பில் ஹார்டாக் இதன் மேல் ஏறினார். கடைசி நேர் ஓட்டத்தில் ஹில் ரைஸ் நீளமான காலடிகளோடு நெருங்கி வர, இந்தக் குட்டைக் குதிரை காலைப் படபடவென்று போட்டுக் கழுத்தளவு வித்தியாசத்தில் தப்பியது. நேரம் சரியாக இரண்டு நிமிடம். அதுவரை டெர்பியில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. கனடாவில் பிறந்த குதிரை அந்தப் பந்தயத்தை ஜெயித்ததும் அதுதான் முதல் தடவை. அடுத்து ப்ரீக்னெஸ் என்ற அமெரிக்கப் பந்தயத்தை ஜெயித்தது. பெல்மான்ட் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பி குவீன்ஸ் பிளேட் பந்தயத்தை ஜெயித்தது. அதோடு காலின் தசைநாண் வீங்கி ஓட்டம் முடிந்தது. மொத்தம் 18 ஓட்டம், 14 வெற்றி, மீதி நான்கிலும் இரண்டாவது அல்லது மூன்றாவது.

பந்தயத்தில் ஓடியது இரண்டே வருஷம். அதற்குப் பிறகு என்ன நடந்தது?

1965-ல் பொலிகுதிரையானபோது ஒரு பெண் குதிரையோடு சேர்வதற்கான கட்டணம் 10,000 டாலர். திருப்பம் நிஜின்ஸ்கியால் வந்தது. அயர்லாந்து டிரெய்னர் வின்சென்ட் ஓ’பிரையன் வேறொரு குட்டியைப் பார்க்கத்தான் கனடாவுக்குப் போனார். அது பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நார்தர்ன் டான்சர் குட்டியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் பேச்சைக் கேட்டு அமெரிக்கத் தொழிலதிபர் சார்லஸ் எங்கல்ஹார்ட் 84,000 டாலருக்கு அதை வாங்கினார். 1970-ல் நிஜின்ஸ்கி இங்கிலாந்தின் மூன்று பெரிய பந்தயங்களான 2000 கினீஸ், எப்சம் டெர்பி, செயின்ட் லெஜர் மூன்றையும் ஒரே வருஷத்தில் ஜெயித்தது. அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் குதிரையும் அதைச் செய்யவில்லை.

அந்த ஒரு வெற்றிக்குப் பிறகு ஐரோப்பாவே நார்தர்ன் டான்சர் குட்டிகளைத் தேடி ஓடிவந்தது. லிஃபார்ட், நூரெயேவ், தி மின்ஸ்ட்ரெல், ஸ்டார்ம் பேர்ட், டான்சிக், எல் கிரான் செனோர், சாட்லர்ஸ் வெல்ஸ் என்று வரிசையாகப் பிள்ளைகள். அவற்றில் பல தாமே ஒரு பரம்பரையின் தலையாக ஆயின.

ஒரு தடவை சேர்வதற்குப் பத்து லட்சம் டாலர் வாங்கினார்கள் என்பது நிஜமா?

நிஜம். 1980-களின் நடுவில் அந்த உச்சத்தைத் தொட்டது. சினை பிடிக்காவிட்டாலும் பணம் திரும்பக் கிடையாது என்ற நிபந்தனையோடு. அப்போது நார்தர்ன் டான்சருக்கு இருபது வயது தாண்டியிருந்தது. கென்டக்கியின் கீன்லேண்ட் ஏலத்தில் துபாயின் ஷேக் முகமது ஒரு பக்கம், பிரிட்டிஷ் குதிரை முதலாளி ராபர்ட் சாங்ஸ்டரின் கூட்டணி ஒரு பக்கம் என்று போட்டி போட்டு விலையை ஏற்றிய காலம் அது. 1983-ல் ஒரு வயது நார்தர்ன் டான்சர் குட்டி ஒன்று 1 கோடியே 2 லட்சம் டாலருக்குப் போனது. ஸ்னாஃபி டான்சர் என்று பெயர். அது ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. இனப்பெருக்கத்துக்கு விட்டபோதும் விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டிகள்தான் பிறந்தன.

1987-ல் ஓய்வு. 1990 நவம்பர் 16-ல், 29 வயதில், அமெரிக்காவின் மேரிலாண்டில் இறந்தது. உடலைப் பெட்டியில் வைத்து எல்லை தாண்டிக் கொண்டுவந்து, பிறந்த ஒஷாவா பண்ணையிலேயே அடக்கம் செய்தார்கள்.

பிள்ளைகளில் யார் பெரியவர்?

என் கட்சி சாட்லர்ஸ் வெல்ஸ். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒரு வருஷத்தில் எந்தப் பொலிகுதிரையின் பிள்ளைகள் அதிகப் பரிசுப் பணம் ஜெயிக்கின்றனவோ அதற்குத்தான் அந்த வருஷத்தின் முதன்மைப் பட்டம். சாட்லர்ஸ் வெல்ஸ் அந்தப் பட்டத்தை 14 முறை வாங்கியது. அதற்கு முன் இருந்த சாதனை 13 முறை, அதைச் செய்தது 18-ஆம் நூற்றாண்டின் ஹைஃபிளையர். இருநூறு வருஷம் அசையாமல் நின்ற கணக்கு.

அதன் மகன் கலிலியோ, 2001 எப்சம் டெர்பி வெற்றியாளர், 12 முறை முதன்மைப் பட்டம். கலிலியோவின் பிள்ளைகளில் ஐந்து குதிரைகள் டெர்பி ஜெயித்திருக்கின்றன. கலிலியோவின் மகன் பிராங்கல். இதை நான் திரையில்தான் பார்த்தேன், ஆனால் 2011-ன் 2000 கினீஸ் ஓட்டத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பாதித் தூரத்திலேயே மற்றவர்களைப் பத்து நீளம் (ஒரு நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்) பின்னால் விட்டுவிட்டது. படக்கருவி விலகி விலகிப் போனால்தான் இரண்டாவது குதிரை திரைக்குள் வரும். 14 ஓட்டம், 14 வெற்றி. பொலிகுதிரையாகவும் 2021-ல் முதன்மைப் பட்டம் வாங்கிவிட்டது.

பிராங்கலின் தாய் கைண்ட். கைண்ட்டின் தகப்பன் டேன்ஹில், டேன்ஹில்லின் தகப்பன் டான்சிக், டான்சிக்கின் தகப்பன் மறுபடியும் நார்தர்ன் டான்சர். அப்பா பக்கம் கொள்ளுத்தாத்தா, அம்மா பக்கம் எள்ளுத்தாத்தா, இருவரும் ஒரே குதிரை.

டேன்ஹில் ஆஸ்திரேலியக் குதிரைதானே?

பிறந்தது அமெரிக்காவில், ஓடியது இங்கிலாந்தில். ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால், வட நாட்டில் வேலை முடிந்ததும் குதிரையை விமானத்தில் தெற்கே அனுப்பி அங்கேயும் ஒரு பருவம் பார்க்கலாம் என்று பண்ணைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1990 முதல் டேன்ஹில் அப்படிப் போய்வந்தது. ஆஸ்திரேலியாவில் ஒன்பது முறை முதன்மைப் பட்டம். இன்றைக்கு அந்த நாட்டில் டேன்ஹில் ரத்தம் கலக்காத குதிரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நன்றாக ஓடிய குதிரை நல்ல தகப்பனாகவும் இருக்குமா?

இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிகார் என்ற அமெரிக்கக் குதிரை தொடர்ந்து 16 பந்தயங்கள் ஜெயித்தது. பண்ணைக்குக் கொண்டுபோனால் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை, முழு மலடு. காப்பீட்டு நிறுவனங்கள்தான் பணம் கொடுத்தன. டான்சிக் நேர்மாறு. முழங்கால் கோளாறால் மூன்றே பந்தயங்கள் ஓடியது, மூன்றும் ஜெயித்தது, அவ்வளவுதான். ஆனால் பொலிகுதிரையாக உலகத்தையே பிடித்துவிட்டது.

செக்ரடேரியட் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு வாதம் உண்டு. 1973-ல் பெல்மான்ட் பந்தயத்தை 31 நீள வித்தியாசத்தில் ஜெயித்த குதிரை அது. பொலிகுதிரையாகத் தோற்றுவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். தன்னைப்போல ஒரு மகனை அது தரவில்லை, சரி. மகள்களைப் பாருங்கள். வீக்எண்ட் சர்ப்ரைஸின் மகன் ஏ.பி. இண்டி. டெர்லிங்குவாவின் மகன் ஸ்டார்ம் கேட், ஒரு காலத்தில் 5 லட்சம் டாலர் கட்டணம் வாங்கிய பொலிகுதிரை. இப்படி மகள்கள் வழியாக அமெரிக்கப் பந்தயத்தின் பெரும்பகுதியில் செக்ரடேரியட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பான் குதிரைகள் இப்போது உலகமெங்கும் ஜெயிக்கின்றனவே, அதற்கும் ஒரு பொலிகுதிரைதான் காரணமா?

பெரும்பங்கு சண்டே சைலன்ஸுக்கு. 1986-ல் கென்டக்கியில் பிறந்தது. குட்டியாக இருந்தபோது கடும் வயிற்றுப்போக்கில் செத்துப் பிழைத்தது. பின்னங்கால்கள் உள்நோக்கி வளைந்திருந்ததால் ஏலத்தில் யாரும் வாங்கவில்லை. ஒருமுறை வண்டியில் கொண்டுவரும்போது ஓட்டுநருக்கு மாரடைப்பு வந்து வண்டி கவிழ்ந்தது. அதிலும் தப்பியது. 1989-ல் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னெஸ், பிரீடர்ஸ் கப் கிளாசிக் மூன்றையும் ஜெயித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாய்வழி சாதாரணம் என்பது அவர்கள் எண்ணம். ஜப்பானின் யோஷிடா ஜென்யா வாங்கி ஹொக்கைடோவுக்குக் கொண்டுபோனார். 1995 முதல் 2007 வரை தொடர்ந்து 13 வருஷம் ஜப்பானின் முதன்மைப் பொலிகுதிரை அதுதான். கடைசி சில வருஷங்களில் அது உயிரோடுகூட இல்லை, 2002-லேயே இறந்துவிட்டது. மகன் டீப் இம்பேக்ட் 2005-ல் ஜப்பானின் மூன்று பெரிய பந்தயங்களையும் தோல்வியே காணாமல் ஜெயித்து, பிறகு 2012 முதல் 2022 வரை முதன்மைப் பட்டத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது.

வேகம் ரத்தத்தில் வருகிறதா?

ஒரு பகுதி. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் என்ற மரபணுவின் வகையைப் பார்த்து, ஒரு குதிரை குறுந்தூரத்துக்குப் பொருந்துமா நெடுந்தூரத்துக்கா என்று ஓரளவு சொல்லலாம். டப்ளினில் எமலீன் ஹில் குழு 2010-ல் இதை வெளியிட்டது. குறுந்தூர வேகம் தரும் வகை நவீன காலத்தில் பரவியதற்கு நியார்டிக்கும் அதன் மகனும் முக்கியக் காரணம் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. அந்த மகன் நார்தர்ன் டான்சர். ஆனால் ஜெயிக்கும் மனதுக்கு மரபணு இதுதான் என்று யாரும் காட்டவில்லை.

எல்லாம் ஒரே ரத்தமாகப் போனால் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. இந்தத் துறை இதைப் பற்றிப் பேசத் தயங்குவது எனக்கு வருத்தம். பழைய பாடமே இருக்கிறது. 1881-ல் பிறந்த செயின்ட் சைமன் இங்கிலாந்தில் ஒன்பது முறை முதன்மைப் பட்டம் வாங்கியது. எல்லாப் பண்ணையும் அதன் மகன்களாலும் மகள்களாலும் நிரம்பியது. அப்புறம் யாரை யாரோடு சேர்ப்பது என்றே தெரியாமல், அதன் ஆண்வழி பிரிட்டனில் மிக வேகமாகச் சரிந்தது.

இப்போது உறவுக்குள் இனப்பெருக்கம் கடந்த ஐம்பது வருஷமாக ஏறிக்கொண்டே வருவதாக மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. உறவுக் கலப்பு மிக அதிகமான குட்டிகள் பந்தயக் களத்துக்கே வராமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்றும் தெரிகிறது. அங்கே தரோபிரெட் பதிவேட்டை நடத்தும் அமெரிக்க ஜாக்கி கிளப் 2020-ல் ஒரு விதி கொண்டுவந்தது: 2020 முதல் பிறக்கும் பொலிகுதிரைகள் வருஷத்துக்கு 140 பெண் குதிரைகளுக்கு மேல் சேரக் கூடாது. பெரிய பண்ணைகள் வழக்குப் போட்டன. 2022-ல் விதி திரும்பப் பெறப்பட்டது. அந்த விதி நின்றிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

இந்தியாவுக்கு இந்த ரத்தம் வந்ததா?

நேரடியாகவே வந்தது. நார்தர்ன் டான்சரின் சொந்த மகன் ரஸீன், 1990 எப்சம் டெர்பியில் பெரிதும் நம்பப்பட்டு ஏமாற்றிய குதிரை, பிறகு ஹரியானாவின் உஷா ஸ்டட் பண்ணைக்கு வந்து பல முறை இந்தியாவின் முதன்மைப் பொலிகுதிரையானது. நான் கிண்டியில் புரட்டிய அந்த ரேஸ் புக்கில் என் கண்ணில் பட்ட தகப்பன் பெயர் ரஸீன்தான். அதே பண்ணையில் பின்னால் டேன்ஹில்லின் மகன் மல்டிடைமென்ஷனலும் வந்து கோலோச்சியது.

எல்லாப் புகழும் தகப்பனுக்கே போகிறதே, தாய்க்குப் பங்கு இல்லையா?

என்னிடம் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

1947-ல் அமெரிக்காவில் அல்மஹ்மூத் என்ற பெண் குட்டி பிறந்தது. 1936-ன் எப்சம் டெர்பி ஜெயித்த மஹ்மூதின் மகள். அதற்குப் பிறந்த மகள்களில் ஒன்று காஸ்மா, இன்னொன்று நட்டால்மா. நட்டால்மா பெற்றது நார்தர்ன் டான்சரை. காஸ்மா பெற்றது ஹேலோவை. ஹேலோவின் மகன்தான் சண்டே சைலன்ஸ். ஐரோப்பாவை ஆண்ட பரம்பரைக்கும் ஜப்பானை ஆண்ட பரம்பரைக்கும் ஒரே பாட்டி. டேன்ஹில்லுக்கோ நட்டால்மா அப்பா வழியிலும் கொள்ளுப்பாட்டி, அம்மா வழியிலும் கொள்ளுப்பாட்டி.

2023 ஜூன் மாதம் எப்சம் டெர்பியை ஆகஸ்ட் ரோடின் என்ற குதிரை ஜெயித்தது. நான்கு வாரம் முன்பு 2000 கினீஸில் கடைசிக் கூட்டத்தோடு வந்து எல்லாரையும் ஏமாற்றிய குதிரை. தகப்பன் டீப் இம்பேக்ட், அதன் கடைசி வருஷத்துக் குட்டிகளில் ஒன்று. தாய் ரோடடென்ட்ரான், கலிலியோவின் மகள். அன்று இரவு ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே போனேன். இடது பக்கம் டீப் இம்பேக்ட், சண்டே சைலன்ஸ், ஹேலோ, காஸ்மா. வலது பக்கம் ரோடடென்ட்ரான், கலிலியோ, சாட்லர்ஸ் வெல்ஸ், நார்தர்ன் டான்சர், நட்டால்மா. இரண்டு வரிசைக்கும் கீழே எழுத வேண்டியிருந்தது ஒரே பெயர்: அல்மஹ்மூத்.